கணக்கில் குறைந்த இரும்பு

கவிப்பிரியாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் அவள் மாமியார் முனியம்மா ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "குடோனு எவ்ளோ பொகை வுடுதுன்னு பாத்து சொல்ற வேல."

திருமழிசை கூட்டுரோட்டில் முனியம்மா நடத்திய இட்லிக் கடைக்கு வரும் லாரி டிரைவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நாலு சுவரும் கூரையுமாக நிற்கிற குடோன் எங்கே புகை விடப்போகிறது? கவிப்பிரியா சிரிக்கமாட்டாள், திருத்தவும் மாட்டாள். அத்தை சொன்னது ஏறக்குறைய சரிதான் என்பாள்.

கிடங்கு எழும்புவதற்கு முன்பே அதன் பெயரில் புகை கிளம்பிவிடுகிறது. சிமெண்ட் சுடுகிற சூளையில், இரும்பு உருக்குகிற உலையில், அவற்றை ஏற்றிவருகிற லாரிகளில். கட்டி முடித்த பிறகு உள்ளே விளக்கும் விசிறியும் ஓடுவதற்கு எங்கேயோ ஓர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிகிறது. கடைசியில் ஒருநாள் இடிக்கும்போது மறுபடியும் இயந்திரம், டீசல், தூசு. பிறந்ததிலிருந்து இடிபடுவது வரை ஒரு கட்டடத்தால் காற்றில் கலக்கிற கார்பனையெல்லாம் கூட்டி, எதை மாற்றினால் எவ்வளவு குறையும் என்று சொல்வதுதான் அவள் வேலை. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் மாடியில் அவள் அலுவலகம் இருந்தது. நடத்தியவர் ஸ்ரீகாந்த். ஆட்கள் குறைவு, வேலை அதிகம்.

அவள் வளர்ந்தது ஆவடியில். அப்பா வீராசாமி வந்தவாசிப் பக்கத்திலிருந்து டாங்கி தொழிற்சாலைக்கு வெல்டராக வந்தவர். ஓய்வு பெறும்வரை குவார்ட்டர்ஸ் வாழ்க்கை, பிறகு அண்ணனூரில் மின்ரயில் பணிமனைக்குப் பின்னால் சின்னதாக ஒரு வீடு. அம்மா அவள் பள்ளியில் படிக்கும்போதே போய்விட்டார். கவிப்பிரியா சிவில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த வருஷம்தான் சென்னையே மூழ்கிய அந்தப் பெருமழை வந்தது. குவார்ட்டர்ஸின் கீழ்வீடுகளிலெல்லாம் தண்ணீர் புகுந்து, அக்கம்பக்கத்தார் பாயும் பாத்திரமுமாக அவர்கள் மாடி வீட்டில் வந்து தங்கினார்கள். அதற்குப் பிறகுதான் வானிலை ஏன் இப்படிக் கெட்டுப்போகிறது என்று படிக்க ஆரம்பித்தாள். படிக்கப் படிக்க, தான் கட்டப் படித்த கட்டடங்களுக்கும் அதில் பங்கிருக்கிறது என்று தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்தபோது அதைத்தான் ஸ்ரீகாந்திடம் சொன்னாள். அவர் வேறெதுவும் கேட்காமல் எடுத்துக்கொண்டார்.

நிர்மலை அவள் சந்தித்தது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கிடங்கு வேலையில். அவன் கூரைக்குத் தகடு போடுகிற குழுவின் தலைவன். பகலில் விளக்குப் போடாமல் வேலை நடக்கவேண்டும் என்று, இரும்புத் தகடுகளுக்கு நடுவில் வெளிச்சம் ஊடுருவும் ஷீட்டுகளை இன்னும் அதிகமாக வைக்கச் சொன்னாள் கவிப்பிரியா. நிர்மல் தலையைச் சொறிந்தான்.

"வெளிச்சம் வேணும்னா ஜன்னல் வெச்சுக்கோங்க மேடம். கூரையில ஓட்ட போட்டா மழதான் வரும்."

"ஒழுங்கா போட்டா வராது."

"அப்ப நான் ஒழுங்கா போட மாட்டேன்றீங்களா?"

அவன் ஒழுங்காகத்தான் போட்டான். முதல் மழை பெய்த அன்று அவளுக்கு போன் வந்தது. "மேடம், உங்க ஜன்னல்ல ஒரு சொட்டு உள்ள வரல. பாத்துட்டுதான் பேசறேன்." அடுத்தடுத்த மழைக்கும் போன் வந்தது. பிறகு மழையில்லாத நாட்களிலும் வந்தது.

வீராசாமிக்கு இந்தக் கல்யாணத்தில் அவ்வளவு விருப்பமில்லை. படித்த பெண், கூரை மேல் ஏறுகிற பையன் என்று யோசித்தார். பெண் பார்க்க வருவதுபோல அவரே மாப்பிள்ளை வீட்டைப் பார்க்கப் போனார். முனியம்மா அவருக்கு இட்லி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். புருஷன் இல்லாமல், அந்தக் கடையை வைத்தே ஒற்றைப் பிள்ளையை ஆளாக்கியவர்.

"உங்க பொண்ணு வேலைக்கு போவட்டும்ங்க. நான் ஆக்கிப் போடறேன். எனக்கு படிப்பு இல்ல, படிச்ச பொண்ணு ஊட்டுக்கு வந்தா எனக்கு பெருமதான."

வீராசாமி அதற்கப்புறம் மறுப்புச் சொல்லவில்லை.

முனியம்மா சொன்னபடியே செய்தார். விடியற்காலையில் கடைக்கு மாவு எடுத்துப் போகும் முன்பே மருமகளின் மதியச் சாப்பாட்டைக் கட்டி வைத்துவிடுவார். நிர்மல் தன் வண்டியில் அவளைப் பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டுத் தன் வேலைக்குப் போவான். வீடு சின்னது, மழைக்காலத்தில் சுவர் ஓதமடிக்கும், ஆனாலும் அந்த வீட்டில் பேச்சுக்குக் குறைவிருக்காது. அம்மா இல்லாமல் வளர்ந்த கவிப்பிரியா, அலுவலகத்தில் நடந்ததையெல்லாம் முனியம்மாவிடம்தான் முதலில் சொல்வாள்.

திருமழிசைக்குப் பின்னால், மூடிக்கிடந்த ஓர் அரிசி ஆலையின் இடத்தில் பெரிய கிடங்கு வரப்போவதாகப் பேச்சு வந்தது. அதை வாடகைக்கு எடுக்கவிருந்த வெளிநாட்டுக் கம்பெனி, கட்டடத்தின் மொத்த ஆயுளுக்குமான கார்பன் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தது. ஸ்ரீகாந்த் அந்தப் பொறுப்பை முழுக்கக் கவிப்பிரியாவிடம் கொடுத்தார். அவள் தனியாக ஏற்றுச் செய்த முதல் கட்டடம் அது.

அதற்காக அவள் போட்ட சண்டைகள் கொஞ்சமல்ல. ஆலையை இடித்த கான்கிரீட்டை லாரியில் ஏற்றி எங்கேயோ கொட்ட இருந்தார்கள். அதை அங்கேயே உடைத்துத் தரைக்கு அடியில் போட வைத்தாள். தரைக்கு, இரும்பாலைக் கசடு கலந்த சிமெண்டைச் சொன்னாள். அது மெதுவாகத்தான் இறுகும் என்று காண்டிராக்டர் முறுக்கிக்கொண்டார். தினமும் வெயிலில் போய் நின்று, ஈரச்சாக்கு போட்டு மூடியிருக்கிறார்களா என்று பார்த்தாள். கூரைக்கு, வெயில் சூடு உள்ளே இறங்காமலிருக்க வெள்ளைப் பூச்சு. தூண்களையும் உத்தரங்களையும் பற்றவைக்காமல் போல்ட் போட்டு முடுக்குவது, நாளைக்குக் கழற்றி வேறிடத்தில் நிறுத்தலாம் என்பதற்காக. இவ்வளவு செய்தும் மொத்தக் கணக்கு, கம்பெனி கேட்ட எல்லைக்குக் கொஞ்சம் மேலேயே நின்றது.

"இரும்பு எடை இன்னும் குறையணும் சார்," என்று ஸ்ரீகாந்திடம் சொன்னாள். அவர் உரிமையாளரிடமும் வரைபடக்காரரிடமும் பேசினார். சில நாட்களில் திருத்திய வரைபடங்கள் வந்தன. இரும்பின் எடை குறைந்திருந்தது. புதிய எடையைக் கணக்கில் போட்டுப் பார்த்தாள். எல்லைக்குக் கீழே வந்துவிட்டது.

அன்று வீட்டுக்கு வரும்போது வழியில் பால்கோவா வாங்கிக்கொண்டு வந்தாள்.

"இன்னாமா விசேஷம்?" என்றார் முனியம்மா.

"கணக்கு கரெக்டா வந்துருச்சு அத்தை. இரும்பு குறைஞ்சுருச்சு."

"இரும்பு கொறஞ்சா பில்டிங்கு நிக்குமா?"

"சூப்பரா நிக்கும்."

நிர்மல் பால்கோவாவை வாயில் போட்டுக்கொண்டு, "யம்மா, உன் மருமவ சொன்னா அது நின்னுதான் தீரணும், வேற வழி இல்ல," என்றான். மூவரும் சிரித்தார்கள்.

அந்தக் கிடங்கின் கூரை வேலை நிர்மல் குழுவுக்கே கிடைத்தது. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். தன் மனைவியின் கட்டடம் என்று அவன் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு வந்தான். ஒருநாள் காலை பூந்தமல்லிக்குப் போகிற வழியில், வண்டியை ஓட்டிக்கொண்டே கேட்டான்.

"கவி, மேல நடக்கறதுக்கு பாத வரும்னாங்க. வெளிச்ச ஷீட்டுக்கு அடியில வலையும் வரும்னாங்க. ஒண்ணும் வரலியே?"

"லேட்டா வருமோ என்னவோ. கேட்டுச் சொல்றேன்."

"கேளு. நாங்க சமாளிச்சுக்குவோம். பின்னாடி ஏறுறவன் சமாளிக்க மாட்டான்."

பஸ் ஸ்டாண்டில் அம்பத்தூர் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. அவள் இறங்கி ஓடினாள். மதியம் அது நினைவுக்கு வந்து ஸ்ரீகாந்தைக் கூப்பிட்டாள், அவர் வேறு அழைப்பில் இருந்தார். அப்புறம் அவளுக்கு மறந்துபோனது. நிர்மலும் மறுபடி கேட்கவில்லை. கூரை முடிந்தது, குழு இறங்கியது.

கட்டடம் திறந்த அன்று முனியம்மாவையும் கூட்டிப்போனார்கள். விளக்குகளை அணைத்துக் காட்டினார்கள். மேலேயிருந்து வெளிச்சம் பட்டை பட்டையாகத் தரையில் விழுந்து, அவ்வளவு பெரிய இடம் திறந்தவெளிபோலக் கிடந்தது. முனியம்மா வாயைப் பிளந்து அண்ணாந்து பார்த்தார். "இத நீங்க ரெண்டு பேருமா செஞ்சீங்க?" என்றார். நிர்மல் கவிப்பிரியாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அத்தனை பேர் முன்னால் அவன் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

கார்த்திகையில் புயல் மழை வந்து போனது. ஓய்ந்த மறுநாள் கிடங்கிலிருந்து நிர்மலுக்கு போன். கூரை விளிம்பில் மழைநீர் ஓடுகிற கால்வாய்ப் பக்கம் தண்ணீர் ஒழுகி, அட்டைப் பெட்டிகள் நனைகின்றனவாம். அவன் ஒப்பந்தம் எப்போதோ முடிந்துவிட்டது. போகவேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆனால் தன் கூரை ஒழுகுகிறது என்று ஒருவன் சொல்வதை அவனால் தாங்கமுடியாது. கூட்டாளி ஜேம்ஸை அழைத்துக்கொண்டு போனான்.

நெடுஞ்சாலைப் புழுதியும் புயலில் பறந்து வந்த தைல மரத்து இலைகளும் சேறாகிக் கூரை முழுவதும் படிந்திருந்தன. இரும்புத் தகடு எது, வெளிச்ச ஷீட் எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே நிறமாக இருந்ததாக ஜேம்ஸ் பிறகு சொன்னான். நிர்மல் திருகாணி வரிசையைப் பார்த்துப் பார்த்து, அடியில் சட்டம் இருக்கிற இடமாகக் கால் வைத்துத்தான் போனான். கால்வாயை அடைத்திருந்த இலைகளைக் கையால் அள்ளி வெளியே போட்டான். தண்ணீர் குபுகுபுவென்று இறங்கியது. "ஆச்சுடா," என்று எழுந்தான். எழுந்தவன் ஓரத்திலிருந்து விலகுவதற்காக ஓரடி பின்னால் வைத்தான்.

ஜேம்ஸ் ஏணியின் உச்சியில் இருந்தான். அவனுக்கு வெளிச்ச ஷீட் உடைந்த சத்தம் மட்டும்தான் கேட்டது.

கவிப்பிரியா அலுவலகத்தில் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தாள். போன் வந்தது.

"அண்ணி, கெளம்பி பூந்தமல்லிக்கு வாங்க. ஆஸ்பத்திரிக்கு."

"என்ன ஆச்சு ஜேம்ஸ்? அவருக்கா?"

"நீங்க வாங்க அண்ணி."

"பேசறாரா? அவர்கிட்ட போனைக் கொடு."

ஜேம்ஸ் அழுதான். அவள் பாத்திரத்தைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் முனியம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். கடையில் மாவு கலக்கிக்கொண்டிருந்தபடியே ஓடி வந்திருக்கிறார். இரண்டு கைகளிலும் மணிக்கட்டு வரை மாவு காய்ந்து வெடித்திருந்தது. மருமகளைப் பார்த்ததும் அந்தக் கைகளை நீட்டி, "கழுவிட்டு வரேன்னேன், அதுக்குள்ள போயிட்டாம்மா," என்றார். கழுவிய கையோடு பிள்ளையைத் தொடவேண்டும் என்று குழாயடியைத் தேடிப் போயிருந்திருக்கிறார்.

கிடங்கு உரிமையாளரின் ஆட்கள் வந்தார்கள். அனுதாபம் சொன்னார்கள். பாதுகாப்பு பெல்ட் போடாமல் ஏறியது அவர் தவறு, கவனமாக இருந்திருக்கலாம் என்று மெல்ல ஆரம்பித்தார்கள். துக்க வீட்டுப் பந்தலில் ஜேம்ஸ் எழுந்து நின்றான்.

"பெல்ட்டு இடுப்புல இருந்திச்சுங்க. போய் பாருங்க, போலீஸ்காரு எடுத்து வெச்சிகிறாரு. கொக்கிய எங்க மாட்டறது? அத மட்டும் சொல்லுங்க, கொக்கிய எங்க மாட்டறது?"

வீராசாமி அவனைத் தோளில் அணைத்து வெளியே அழைத்துப் போனார். பந்தலின் ஓரத்தில் பெண்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த கவிப்பிரியாவுக்கு, அந்தக் கேள்வி யாரையோ கேட்டதாகத் தோன்றவில்லை. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டும், கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸும், "கேளு" என்ற அவன் குரலும் அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தன.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று அவள் நேராக ஸ்ரீகாந்தின் அறைக்குப் போனாள்.

"திருத்தின வரைபடத்துல எந்த இரும்பு சார் குறைஞ்சுது?"

ஸ்ரீகாந்த் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். இந்தக் கேள்விக்காக அவர் காத்திருந்தது தெரிந்தது.

"தூண்ல கொஞ்சம். உத்தரத்துல கொஞ்சம். அப்புறம்..." கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். "கூரை நடைபாதை, வலை, பெல்ட் மாட்டுற கம்பி. ஓனர் அதெல்லாம் பின்னாடி தனியா போட்டுக்கறேன்னார்."

"எங்கிட்ட சொன்னீங்களா?"

"எல்லாருக்கும் வந்த மெயில்தான் கவி. நீ எடை எவ்வளவுன்னு மட்டும்தான் கேட்ட. நானும் எடையைத்தான் பார்த்தேன். கம்மியாச்சேன்னு ரெண்டு பேரும் சந்தோஷப்பட்டோம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "நீ எடுக்கச் சொல்லல. அதை நல்லா மனசுல வெச்சுக்கோ," என்றார்.

அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். கணக்கைத் திறந்து, எடுத்துவிட்ட இரும்பையெல்லாம் திரும்பச் சேர்த்தாள். அந்த இரும்பு பெரிய பாரமாக இருக்கவேண்டும் என்று அவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டாள். அது இருந்தால் கணக்கு எல்லையைத் தாண்டித்தான் இருக்கும், வேறு வழியே இருந்திருக்காது என்று ஒரு சமாதானமாவது கிடைக்கும். கணக்கு மாறவேயில்லை என்றே சொல்லலாம். அரிசி ஆலைக் கான்கிரீட்டும், கசடுச் சிமெண்டும், தூணிலும் உத்தரத்திலும் குறைத்ததுமே போதுமானதாக இருந்தன. நடைபாதையும் வலையும் கம்பியும் சேர்ந்தபிறகும் எண் எல்லைக்குக் கீழேயே நின்றது. அத்தனை பெரிய கட்டடத்தில் அவை ஒரு தூசுக்குச் சமம்.

அன்று மாலை வரை அவள் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் தேநீர் கொண்டுவந்து வைத்தார்கள், எடுத்துப் போனார்கள்.

முனியம்மாவிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். வீராசாமி அதைத்தான் சொன்னார்: "அந்த அம்மாவுக்கு இதைத் தாங்கத் தெம்பிருக்கா பாரு." ஆனால் தினமும் காலையில் அந்தக் கை கட்டிக்கொடுக்கிற சாப்பாட்டை அவளால் விழுங்கமுடியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்த முனியம்மாவின் பக்கத்தில் குந்தினாள். எல்லாவற்றையும் சொன்னாள். இரும்பு குறைந்ததென்று பால்கோவா வாங்கி வந்த நாளை, அவன் வண்டியில் வைத்துக் கேட்டதை, அவள் மறந்ததை, கடைசியாக அந்த எண்ணை.

முனியம்மா கழுவிக்கொண்டிருந்த தட்டை விடவில்லை. சுத்தமாகிவிட்ட தட்டையே திரும்பத் திரும்பத் தேய்த்தார்.

"இத ஏம்மா எங்கிட்ட சொன்ன?"

"உங்களுக்குத் தெரியணும் அத்தை."

"தெரிஞ்சு?" அவர் நிமிர்ந்தார். "இத்தினி நாளு சாமிய திட்டிகினு கெடந்தேன். எவ்ளோ வேணா திட்டலாம், அது கல்லாட்டம் நிக்குது. இப்ப உன்ன திட்ட சொல்றியா? உன் மூஞ்சிய பாத்துகினு நான் எப்புடி திட்டுவேன்?"

கவிப்பிரியா அவர் கையைப் பிடிக்கப் போனாள். முனியம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை, ஆனால் அந்தக் கை ஈரத் துணிபோல அவள் பிடியில் கிடந்தது.

அதற்குப் பிறகும் சாப்பாடு கட்டுவது நிற்கவில்லை. பேச்சுத்தான் நின்றது. இருவரும் ஒரே வீட்டில் எதிரெதிர்ச் சுவரோரம் படுத்தார்கள். ஒருநாள் காலை டிபன் பாக்ஸை அவளிடம் நீட்டும்போது முனியம்மா சொன்னார்: "நீ உங்கப்பா ஊட்டுக்கு போயிடும்மா. கோவத்துல சொல்லல. அவன் இருந்த வரைக்கும் எம்புள்ள பொண்டாட்டின்னு உனக்கு இத கட்டினேன். இப்ப யாருக்கு கட்டறேன்னு எனக்கே தெரியல."

கவிப்பிரியா அண்ணனூருக்குப் போனாள்.

கிடங்குக்குப் பசுமைக் கட்டடம் என்ற தரச் சான்றிதழ் வாங்குகிற கடைசி அறிக்கை அவள் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. நடைபாதை, வலை, கம்பி மூன்றையும் பொருத்தாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள். உரிமையாளரோடு பேச ஸ்ரீகாந்தும் கூட வந்தார். உரிமையாளர் கெட்டவர்போலத் தெரியவில்லை. நரைத்த தலை, தணிந்த குரல். நிர்மல் பெயரைச் சொல்லும்போது எழுந்து நின்று சொன்னார். அதையெல்லாம் சேர்த்தால் கார்பன் எல்லையைத் தாண்டிவிடுமே, வாடகைக் கம்பெனி ஒத்துக்கொள்ளாதே என்று கவலைப்பட்டார். தாண்டாது என்றாள் கவிப்பிரியா. புதிய எண்ணைக் காட்டினாள்.

அவர் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இவ்வளவுதான் வித்தியாசமா? அப்ப முதல்லயே போட்டிருக்கலாமேம்மா."

அவர் குத்திக்காட்டச் சொல்லவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டுச் சொன்னார். கவிப்பிரியா எழுந்து வெளியே வந்து, தாழ்வாரத்துச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். ஸ்ரீகாந்த் பின்னால் வந்து, என்ன செய்வதென்று தெரியாமல், அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பொருத்துகிற வேலையை ஜேம்ஸ் எடுத்துச் செய்தான். வேறு யாரையும் விடமாட்டேன் என்றான். அவள் கையெழுத்துப் போட்டாள். வாசலில் பச்சைப் பலகை பதித்தார்கள். அந்த விழாவுக்கு அவள் போகவில்லை.

வேலையை விட்டுவிடுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் நினைத்தாள். ஆனால் கிடங்குகள் வந்துகொண்டேயிருந்தன, பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை, இந்தப் பக்கம் பட்டாபிராம் வரை. ஒவ்வொன்றுக்கும் யாரோ எடை குறைக்கச் சொல்லிக் கேட்கப்போகிறார்கள். எந்த எடை என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அலுவலகத்தில் ஒரு வழக்கம் கொண்டுவந்தாள்: ஆள் விழாமல் காக்கிற இரும்பு தனி, அதில் யாரும் கை வைக்கக்கூடாது, எண் எல்லைக்கு மேலே போனாலும் சரி. ஸ்ரீகாந்த் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். சில வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். ஒருவர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டு போனார்.

அந்தப் பக்கம் வேலையாகப் போகும்போதெல்லாம் திருமழிசையில் இறங்கி இட்லிக் கடைக்குப் போவாள். முனியம்மா தட்டு வைப்பார், சாம்பார் ஊற்றுவார், அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விடுவார். பக்கத்தில் இருக்கும் டிரைவர்களுக்கு அவள் யாரென்று தெரியாது. ஒருமுறை சட்னி ஊற்ற வந்த முனியம்மா, பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"இளச்சிட்ட."

"இல்ல அத்தை."

"இனிமே வராதம்மா. நீ ரோட்ட தாண்டி வர சொல்ல, பின்னாடியே அவன் வண்டிய நிறுத்திட்டு வராப்ல கீது. நீ மட்டும் வந்து ஒக்கார்ற. ஒவ்வொரு தபாவும் இப்புடி ஆவுது."

அவள் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தாள். மீதி வைத்தால் அத்தை வருத்தப்படுவார் என்று தெரியும். அதற்குப் பிறகு போகவில்லை. அடுத்த வருஷம் ஜேம்ஸ்தான் சொன்னான், முனியம்மா கடையை விட்டுவிட்டுத் திருத்தணிப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டதாக. முகவரி வேண்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். அவன் கிளம்பும்போது, நீ போனால் நான் கேட்டதாகச் சொல்லாதே, ஆனால் அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறதென்று பார்த்துவிட்டு வா என்றாள்.

இந்த வருஷக் கோடையில் பட்டாபிராம் பக்கம் ஒரு கிடங்கின் கூரை முடிகிற நிலையில் இருந்தது. ஜேம்ஸ்தான் இப்போது குழுவின் தலைவன். வலை சரியாகக் கட்டியிருக்கிறதா என்று கவிப்பிரியா எப்போதும் கீழே நின்றுதான் பார்ப்பாள். அன்று ஏறிப் பார்க்கிறேன் என்றாள். ஜேம்ஸ் அவளை ஒருமுறை பார்த்துவிட்டு, அவளுக்குப் பெல்ட்டைக் கட்டிவிட்டு, கொக்கியைக் கம்பியில் மாட்டி இழுத்துப் பார்த்தான்.

மேலே காற்று பலமாக இருந்தது. கண்ணுக்கெட்டிய வரை கூரைகள். சற்றுத் தள்ளி மின்ரயில் ஒன்று ஆவடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அவள் நடைபாதையில் மெதுவாக நடந்து நடுக் கூரைக்கு வந்தாள். வெளிச்ச ஷீட்டின் அடியில் வலை தெரிந்தது. அதற்கும் கீழே, எவ்வளவோ கீழே, தரை.

இவ்வளவு உயரம் என்று அவளுக்குத் தெரியாது. வரைபடத்தில் உயரத்தை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறாள். ஆனால் தெரியாது.

அவள் அந்த நடைபாதையிலேயே உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியிலும் பந்தலிலும் சுடுகாட்டுக்கு அனுப்பியபோதும் வராத அழுகை, நெஞ்சைப் பிளந்துகொண்டு சத்தமாக வந்தது. திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இன்னொருவர் தன் தண்ணீர் பாட்டிலை அவள் கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டு நகர்ந்தார்.

ஜேம்ஸ் அவளுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தான்.

"எறங்கலாமா அண்ணி?"

"கொஞ்சம் இருக்கேன் ஜேம்ஸ்."

"இருங்க," என்றான். அவளுடைய கொக்கியை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவள்மேல் நிழல் விழும்படி நகர்ந்து உட்கார்ந்தான்.